செவ்வாய் மேல் பழி போடாதீர்கள்



பி.இ., எம்.எஸ்ஸி. படித்த பிள்ளைகளும் வரன் குறிப்பில் "சுத்த ஜாதகம் மட்டும்" என்று எழுதுகிறீர்கள். கட்டத்தில் 2, 4, 7, 8, 12-இல் செவ்வாய் இருந்துவிட்டால் அந்தப் பெண் கணவனுக்கு ஆகாதாம். முப்பது வயது தாண்டியும் இதனாலேயே காத்திருக்கும் பெண்கள் நம் சொந்தத்திலேயே உண்டு. அதனால்தான் எழுதுகிறேன்.

செவ்வாய் ஏன் சிவப்பு? கோபத்தால் அல்ல, துருவால். அதன் மண்ணில் இருப்பது இரும்புத் துரு. நம் சேலத்துக் கஞ்சமலையில் கருப்பாகக் கிடக்கும் காந்தக்கல்லிலும், நாமக்கல் பட்டறையில் லாரிக்கு பாடி கட்டும் தகட்டிலும் இருப்பது அதே இரும்புதான்.

அந்த இரும்பைச் செவ்வாய் செய்யவில்லை. சூரியனாலும் முடியாது, இப்போது அது ஹைட்ரஜனை ஹீலியமாக்குவதோடு சரி. சூரியனைவிடப் பல மடங்கு பெரிய விண்மீன்கள்தான் கார்பன், ஆக்சிஜன், சிலிக்கான் என்று படிப்படியாக ஆக்கிக்கொண்டே போகும். கடைசியில் மையம் இரும்பாகிவிடும். இரும்பை இணைத்தால் ஆற்றல் கிடைக்காது. அடுப்பு அணைந்த கதைதான். எடை தாங்காமல் மையம் ஒரு நொடிக்குள் இடிந்து விழ, மேலடுக்குகள் வெடித்துச் சிதறும். எவ்வளவு எடை வரை தாங்கும் என்பதற்கு வழிகாட்டிய கணக்கு நம் சந்திரசேகருடையது. 1930-இல், 19 வயதில், இங்கிலாந்து போகும் கப்பலில் தொடங்கியது. சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு என்பது வரம்பு. 1983-இல் நோபல் பரிசு பெற்றார்.

வெடிப்பின் வெப்பத்தில் பிறக்கும் நிக்கல் கோபால்ட்டாகி, கோபால்ட் இரும்பாகிறது. இது கதையல்ல. 1987-இல் பக்கத்து கேலக்ஸியில் ஒரு விண்மீன் வெடித்தபோது, அந்தக் கோபால்ட்டின் காமாக் கதிர்களையே கருவிகள் பிடித்தன. அந்த ஒரு வெடிப்பில் உண்டான இரும்பு, சுமார் 20,000 பூமிகளின் எடை!

இப்படிச் சிதறிய தூசும் வாயுவும் சேர்ந்துதான் சுமார் 460 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியும் செவ்வாயும் உருவாயின. உங்கள் ரத்தத்தில் ஓடுவதும், நீங்கள் வேண்டாம் என்ற பெண்ணின் ரத்தத்தில் ஓடுவதும் அதே இரும்பு. உடம்பில் அது குறைந்தால் மாத்திரை வாங்கி விழுங்குகிறோம். வானத்தில் சிவப்பாகத் தெரிந்தால் மட்டும் தோஷமா?

"பெரியவர்கள் சொன்னது" என்பீர்கள். பெரியவர்கள் பார்த்தது ஒரு சிவப்புப் புள்ளி. 2014-இல் நம் மங்கள்யான் அங்கேயே போய்ப் படம் எடுத்து அனுப்பிவிட்டது. பார்த்த பிறகும் பயந்தால் அது பெரியவர்கள் குற்றமல்ல.

வரன் குறிப்பிலிருந்து அந்த மூன்று சொற்களை அடியுங்கள். மாப்பிள்ளை வீட்டார் முதலில் அடிக்கட்டும். மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.