படமே இல்லாத கேம்: யார் ஆடலாம், முதல் வாரம் எப்படி ஆடணும்?

கொஞ்சம் நீளமான த்ரெட். டீயைப் பக்கத்துல வச்சுக்கிட்டுப் படிங்க.

போன்ல கேம் என்றாலே டாக்டர் திட்டத்தான் வர்றார்னு நினைக்காதீங்க. இன்னைக்கு ஒரு வகை கேமை உங்களை ஆடச் சொல்லப் போறேன். உங்க வீட்டுலயோ தெருவுலயோ பார்வை இழந்தவர் யாராவது இருந்தா, அவருக்கும் சொல்லிக் கொடுங்கன்னு கேக்கப் போறேன். உண்மையில இந்த ரெண்டாவதுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

இந்த கேம்ல படம் கிடையாது. வெறும் எழுத்து. திரையில நாலு வரி வரும். உதாரணமா: "பழைய கோட்டை வாசல். கதவு பாதி திறந்திருக்கு. கிழக்கே சந்தை, வடக்கே காடு. ஒரு காவல்காரன் ஈட்டியைக் கட்டிப் பிடிச்சுத் தூங்குறான்." அவ்வளவுதான். அடுத்து என்ன செய்யணும்னு நீங்க டைப் பண்ணணும். 'நார்த்' என்று அடிச்சா காட்டுக்குள்ள போவீங்க. அங்க ஒரு பூதம் இருக்கலாம். எங்கேயோ ஃபின்லாந்துல உக்காந்து ஆடுற நிஜ மனுஷர் ஒருத்தரும் அதே காட்டுல நின்னுக்கிட்டு இருக்கலாம். நீங்க ஹலோ சொன்னா அவருக்குப் போகும்.

இதுக்கு 'மட்' என்று பேர். சேறு இல்லை, சுருக்கப் பேர். 1978-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்ற மாணவர் எழுத ஆரம்பிச்சார். 1980-ல் ரிச்சர்ட் பார்ட்டில் என்பவர் கையில எடுத்து வளர்த்தார். அதுக்கும் முன்னாடி, ஒருத்தர் மட்டும் ஆடுற எழுத்து கேமை 1976 வாக்கில் அமெரிக்காவின் வில் குரோதர் எழுதினார். குகைகளுக்குள்ள இறங்கி அளந்து வரைபடம் போடுறது அவரோட பொழுதுபோக்கு. விவாகரத்துக்குப் பிறகு தன் ரெண்டு பெண் பிள்ளைகள் ஆடுறதுக்காக, தான் நடந்த குகையையே கம்ப்யூட்டர்ல வார்த்தையா எழுதி வச்சார். லெவல் ஏறி ஏறி பசங்க ஆடுற இன்றைய பெரிய ஆன்லைன் உலகங்களுக்கெல்லாம் பாட்டன் இவைதான்.

பார்ட்டில் பின்னாளில் சொன்ன ஒரு விஷயம் எனக்குப் பிடிக்கும். அவரும் டிரப்ஷாவும் வசதியான வீட்டுப் பிள்ளைங்க இல்லை. பிறப்பால வந்த தடையை வாசல்லயே கழட்டி வச்சிட்டு வர்ற மாதிரி ஒரு உலகம் வேணும்னுதான் அதைக் கட்டினோம் என்பார். அவர் மனசுல இருந்தது இங்கிலாந்தின் மேல்தட்டு, கீழ்த்தட்டு. எனக்கு ஞாபகம் வர்றது எங்க ஓபி வாசல்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி பக்கம் பார்வை போறதுக்குப் பல வழி இருக்கு. பத்து வருஷம் சர்க்கரையைக் கண்டுக்காம விட்டு விழித்திரை கெட்டுப் போறது ஒன்னு. காட்டு வேலையில முள்ளோ சருகோ கண்ணில் குத்தி, அதுல தாய்ப்பாலும் பச்சிலையும் ஊத்தி, பூஞ்சை பிடிச்சு கருவிழி புண்ணாகி வர்றது இன்னொன்னு. (தயவு செஞ்சு ஊத்தாதீங்க. அன்னைக்கே வாங்க.) மாவட்டத்துல பட்டாசுத் தொழில் இருக்கு, அதையும் சேர்த்துக்கோங்க. மதுரைக்கு அனுப்புறோம். சிலருக்குப் பார்வை திரும்புது. சிலருக்கு இல்லை.

திரும்பாதவங்களுக்கு மாற்றுத்திறனாளி சான்று, யூடிஐடி அட்டை, பஸ் பாஸ், உதவித்தொகை என்று ஒரு வழி இருக்கு. அலைச்சல்தான், ஆனா இருக்கு. அதெல்லாம் வாங்கின மறுநாள் காலையில அந்த ஆள் என்ன செய்வார்? திண்ணையில உக்காந்திருப்பார். மத்தியானம் கட்டில். சாயங்காலம் மறுபடி திண்ணை.

இருபத்தி சொச்சம் வயசுல ஒரு தம்பி. முன்னாடியெல்லாம் கூட்டாளிகளோட போன்ல சுடுற கேம் ஆடிக்கிட்டு இருந்தவன். இப்ப எப்படிப்பா பொழுது போகுதுன்னு கேட்டேன். "பயலுக வருவாய்ங்க சார். அவனுக ஆடுறதை நான் கேட்டுக்கிட்டு இருப்பேன்" என்றான். மருந்துச் சீட்டுல இதுக்கு என்ன எழுதுறது?

எழுத்து கேம் அங்கதான் வருது. போன்லயும் கம்ப்யூட்டர்லயும் திரையை வாசிச்சுக் காட்டுற மென்பொருள் இருக்கு. ஆண்ட்ராய்டு போன்ல 'டாக்பேக்' ஏற்கெனவே உள்ளயே இருக்கும், செட்டிங்ஸ்ல போய் ஆன் பண்ணணும். விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு 'என்விடிஏ'. 2006-ல் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன், தானே பார்வையற்றவர், எழுத ஆரம்பிச்சது. இலவசம். படம் உள்ள கேம்ல இந்த மென்பொருளுக்கு வாசிக்க ஒன்னும் கிடைக்காது. எழுத்து கேம்ல மொத்த உலகமும் வாசிக்கக் கிடைக்கும். கண்ணு தெரிஞ்சவனுக்கு என்ன வருதோ அதே வரிதான் இவனுக்கும். சலுகை இல்லை, 'சிறப்புப் பிரிவு' இல்லை. எதிரே நிக்கிறவருக்கு இவன் பார்வையற்றவன்னே தெரியாது, இவன் சொன்னாத்தான் உண்டு. 1995-ல் இருந்து ஓடுற 'ஆல்டர் ஏயான்' என்ற மட்டில் பார்வையற்ற ஆட்டக்காரர்கள் கூட்டம் கூட்டமா இருக்காங்க.

இன்னொரு விஷயம், இதை நம்மூர்க்காரங்களே யோசிச்சிருக்க மாட்டீங்க. இந்த கேம் ஆட முதல்ல தேவைப்படுறது திசை. மட்டில் 'இடது, வலது' கிடையாது. வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்குதான். பட்டணத்துப் பசங்க இதுல திணறுவாங்க. நம்ம ஆளுகளுக்கு இது தாய்ப்பாஷை. "சட்டியைக் கொஞ்சம் தெக்க நகட்டு" என்று அடுப்படியிலயே திசை சொல்ற ஊரு இது. கண்மாய்க் கரையோட மேக்க போயி, மடையைத் தாண்டி, வடக்க திரும்பினா அய்யனார் கோயில் என்று வழி சொல்ற அப்பத்தா, அந்த நிமிஷம் வாயாலயே ஒரு மட் எழுதிக்கிட்டு இருக்கா. அதைக் கேட்டு மனசுக்குள்ள பாதை போட்டுப் பழகினவனுக்கு இந்த கேம் புதுசே இல்லை.

சரி, எப்படி ஆரம்பிக்கிறது?

முதல் நாள் எதையும் டவுன்லோடு பண்ண வேணாம். பல மட்டுகள் பிரவுசரிலேயே ஓடும். டெர்ரி பிராட்செட் நாவல்களை வச்சு 1991-ல் ஆரம்பிச்ச 'டிஸ்க்வேர்ல்டு மட்', 1997-ல் வந்த 'அக்கேயா' ரெண்டும் அப்படி ஆடலாம். பிடிச்சுப் போச்சுன்னா கம்ப்யூட்டர்ல 'மட்லெட்' போட்டுக்கோங்க, அதுவும் இலவசம். அக்கேயாவில் சேரக் காசு இல்லை, ஆனா உள்ள 'கிரெடிட்' என்று ஒன்னைக் காசுக்கு விப்பாங்க. அந்தப் பக்கமே போகாதீங்க. புதுசா வர்றவங்களுக்கு என் வாக்கு ஆல்டர் ஏயானுக்குத்தான். டிஸ்க்வேர்ல்டின் இங்கிலீஷ் நக்கலும் நையாண்டியுமா இருக்கும், கொஞ்சம் பழகிட்டுப் போங்க.

சேரும்போது பேர் கேக்கும். உங்க நிஜப் பேரைக் கொடுக்காதீங்க. ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்துறீங்களான்னு சில கேம்கள் அங்கேயே கேக்கும். பார்வையற்றவர் ஆடுறார்னா கட்டாயம் 'எஸ்' சொல்லுங்க. இல்லைன்னா கோடும் நட்சத்திரமுமா வரைஞ்ச மேப்பை மென்பொருள் ஒவ்வொரு குறியா வாசிச்சு உயிரை எடுக்கும்.

அப்புறம் எந்த இனம், என்ன தொழில் என்று ஒரு நீளமான பட்டியல் வரும். புதுசா வர்ற முக்காவாசிப் பேர் இங்கதான் மூடி வச்சிட்டுப் போயிடுறாங்க. ரொம்ப யோசிக்காதீங்க. மனுஷன், போர்வீரன். போதும். மந்திரவாதி ஆகணும்னு ஆசை இருக்கும், தெரியும். அதுல மனப்பாடம் ஜாஸ்தி, முதல் வாரத்துக்கு வேணாம்.

உள்ள போனதும் நூறு கட்டளை இருக்கேன்னு பயப்படாதீங்க. முதல் நாளைக்கு 'லுக்' (சுத்திப் பார்க்க), நாலு திசை, 'கெட்' (எடுக்க), 'இன்வென்ட்டரி' (கையில என்ன இருக்குன்னு பார்க்க), 'ஹெல்ப்' தெரிஞ்சாப் போதும். திசைக்கு முதல் எழுத்து மட்டும் அடிச்சாலே நகரும். சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி 'கன்சிடர்' என்று அடிச்சு எதிராளி பேரைப் போடுங்க. அவனை உங்களால தாங்க முடியுமா முடியாதான்னு பல மட்டுகள் சொல்லிடும். கேஷுவால்டியில நாங்க பண்றதும் ஏறக்குறைய இதுதான், யாரைத் தொடலாம், யாரை உடனே மதுரைக்கு ஏத்தணும் என்று. தப்பிக்கணும்னா 'ஃப்ளீ'. கூச்சப்படாம ஓடுங்க.

செத்துப் போவீங்க. எல்லாரும் சாவாங்க. கோயில் மாதிரி ஒரு இடத்துல திரும்ப எந்திரிப்பீங்க, சாமான்கள் பிணத்தோட கிடக்கலாம், போய் எடுத்துக்கணும். வழி தெரியலைன்னா 'நியூபி சானல்' இருக்கும், புதுசா வந்தவங்க கேள்வி கேக்குற இடம். அங்க கேளுங்க. ஆட்டத்துல ஊறிப் போன பெருசுங்க வரிஞ்சு கட்டிக்கிட்டு உதவிக்கு வருவாங்க. இந்த ஒரு விஷயத்துல படம் உள்ள கேம்களைவிட மட் எவ்வளவோ மேல். அங்க புதுசா வந்தவனைத் திட்டித்தான் வரவேற்பாங்க.

எப்படி ஆடுறதுன்னு தெரியாம நின்னா, பார்ட்டில் 1996-ல் எழுதின கட்டுரை ஒன்னு உதவும். ஆட்டக்காரங்களைச் சீட்டுக்கட்டு மாதிரி நாலாப் பிரிச்சார். டைமன் ஆட்கள் பொருளும் லெவலும் சேர்ப்பாங்க. இஸ்பேடு ஆட்கள் தோண்டித் துருவி இடம் பார்ப்பாங்க. ஆட்டின் ஆட்களுக்குப் பேச்சுத்துணை போதும். கிளாவர் ஆட்கள் அடுத்தவனை அடிக்க வந்தவங்க (இங்கிலீஷ்ல அந்தச் சீட்டுக்கு 'கிளப்', அதாவது தடி). முதல் வாரம் இஸ்பேடா இருங்க. சண்டையே போடாம ஊரைச் சுத்துங்க. பாதை மனசுல ஏறிடுச்சுன்னா மத்தது தானா வரும்.

டேட்டாவைப் பத்திக் கவலை வேணாம். எழுத்து மட்டுந்தானே, ஒரு மணி நேரம் ஆடினாலும் வாட்ஸ்அப்ல ஒன்னு ரெண்டு போட்டோ பார்த்த அளவுதான் ஆகும். சிக்னல் ஒரு கோடு காட்டுற ஊர்லயும் ஓடும்.

இனி நீங்க கேக்கப் போற கேள்விகள்.

"இங்கிலீஷ்லதானே இருக்கு?" ஆமா. அதுதான் பெரிய தடை, மறைக்க மாட்டேன். ஆனா சின்னச் சின்ன வாக்கியம், திரும்பத் திரும்ப வர்ற வார்த்தைகள். பத்தாவது வரை தமிழ் மீடியத்துல படிச்ச அந்தத் தம்பிக்கு முதல் ரெண்டு வாரம் காலேஜ் போற தங்கச்சிதான் பக்கத்துல உக்காந்து அர்த்தம் சொன்னா. இப்ப அவ தேவைப்படுறது குறைஞ்சு போச்சு. போன மாசம் புதுசா வந்து முழிச்சுக்கிட்டு நின்ன ஒருத்தருக்கு, மேக்க நாலு, தெக்க ரெண்டுன்னு இவன் வழி சொல்லிக் கூட்டிட்டுப் போயிருக்கான். அந்த ஆளுக்குக் கண்ணு நல்லாத் தெரியுமாம்.

"இதுவும் அடிமை ஆக்காதா?" ஆக்கும். எழுத்துன்னா புனிதம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 பட்டியலில் கேமிங் டிஸார்டர் ஒரு நோயாவே இருக்கு, 2022-ல் இருந்து நடைமுறையில். நிறுத்த முடியாம போறது, மத்த எல்லாத்தையும்விட கேமே பெருசாப் போறது, கெடுதல் வந்த பிறகும் தொடர்றது, இதெல்லாம் பொதுவா ஒரு வருஷம் நீடிச்சு வாழ்க்கையைக் கெடுத்தா அது நோய். தினம் ஒரு மணி நேரம் ஆடுறது நோய் இல்லை. காசு வச்சு ஆடுற ஆன்லைன் கேம்களை 2025 ஆகஸ்ட்ல மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை பண்ணிச்சு. அதுல எனக்கு முழு சம்மதம். ஆனா அந்தக் கோபத்துல 'கேம்' என்ற சொல்லையே சாத்தான் ஆக்கிடாதீங்க.

தூக்கத்துக்கு ஒரு யோசனை. அமெரிக்காக்காரங்க அதிகமா ஆடுற மட்டில், அவங்க கிழக்குக் கரையில ராத்திரி எட்டு மணின்னா நமக்கு மறுநாள் காலை ஐந்தரை, ஆறரை. கூட்டம் அப்பத்தான் நல்லா இருக்கும். ராத்திரி முழிக்காம விடியக்காலம் ஆடுங்க.

"கண்ணு தெரியாதவனுக்கு வேலை வாங்கிக் கொடுக்காம கேம் கொடுக்கிறீங்களா?" வேலை வேணும். பயிற்சி வேணும். அதுக்கும் சேர்ந்து கத்துவோம். ஆனா அந்தத் தம்பி டைப்பிங்கும் ஸ்கிரீன் ரீடரும் பழகினது இந்த கேமுக்காகத்தான். "கம்ப்யூட்டர் கத்துக்கோ" என்று நாங்க எல்லாரும் ஒரு வருஷமாச் சொன்னப்போ அவன் அசையலை.

ஒரு எச்சரிக்கை. உள்ள பழகுறவங்க எவ்வளவு நல்லாப் பேசினாலும் போன் நம்பர், ஊர், ஓடிபி எதுவும் கொடுக்கக் கூடாது. பெண் பிள்ளைங்க ஆடினா கூடுதல் கவனம்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் காலேஜ் படிக்கிற தம்பி தங்கச்சிகளுக்கு ஒரு வேலை: என்விடிஏ போட அரை மணி நேரம்தான் ஆகும், டாக்பேக் ஆன் பண்ண அதுகூட ஆகாது. உங்க தெருவுல யாருக்கு வேணும்னு உங்களுக்கே தெரியும். ரெண்டு மூணு நாள் கூட உக்காருங்க. சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க. எனக்கு நாளைக்கு 24 மணி நேர டியூட்டி, பதில் வர நாளன்னைக்கு ஆகும்.