கிருமிக்கு ஃபுல் மீல்ஸ்!

நம்ம சிங்காநல்லூர் குளத்துல ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறதைப் பார்த்திருப்பீங்க. அள்ளிப் போட்டாலும் ஏனுங்க திரும்பத் திரும்ப வருது? தேங்கின தண்ணி, அதுல கலக்கிற சாக்கடை. செடிக்கு அதுதான் உரம்!

'சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்' என்ற பரம்பரை நோய் உள்ளவர்களின் நுரையீரலிலும் இதே கதைதான். சி.எஃப்.டி.ஆர். மரபணுவில் கோளாறு. மூச்சுக்குழாய்ச் சுவரில் உப்பும் தண்ணீரும் சரியாகப் போய்வராமல், சளி பசை மாதிரி தேங்கிவிடும். அதில் அமினோ அமிலம், குளுக்கோஸ், லாக்டேட் என்று 'சூடோமோனாஸ்' கிருமிக்கு ஃபுல் மீல்ஸ் ரெடி! விரட்ட வரும் வெள்ளை அணுக்களும் அங்கேயே செத்துப்போக, அவற்றின் டி.என்.ஏ. கலந்து சளி இன்னும் கெட்டியாகும்.

2007-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தச் சளியிலுள்ள சத்துக்களை அளந்து, அதே மாதிரி ஒரு செயற்கைக் கலவையில் கிருமியை வளர்த்தார்கள். சில அமினோ அமிலங்கள் பசியாற்றுவதோடு, கிருமிகள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் ரசாயன சிக்னலையும் கூட்டிவிடுகின்றனவாம்!

அதனால்தான் ஆன்டிபயாடிக் மட்டும் போதாது. நெபுலைசர், பிசியோதெரபி என்று தினமும் சளியை வெளியேற்றணும். குளத்தைத் தூர்வாருற மாதிரி!

நம்ம நாட்டில் இதை டி.பி., ஆஸ்துமா என்று நினைத்து வருஷக்கணக்கில் தாமதமாவதும் உண்டு. தெரிந்த குழந்தைக்கு அடிக்கடி நிமோனியாவா? எடை ஏறலையா? முத்தம் கொடுத்தால் உப்புக் கரிக்குதா? டாக்டரிடம் 'வியர்வை டெஸ்ட்' பற்றி ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்க. வேலூர் சி.எம்.சி.யில் அந்த டெஸ்ட் எடுக்கிறாங்க.

கேட்கிறதுக்குக் காசா, பணமா?