‘தவறுதலாக’ வெடிக்கும் துவக்குகள்

துவக்கு வெடித்து ஒருவர் காயமடைந்தால் எமது பத்திரிகைகள் “துப்பாக்கி தவறுதலாக வெடித்ததில்” என்று எழுதிவிட்டு அடுத்த செய்திக்குச் சென்றுவிடுகின்றன. எவ்வகைத் துவக்கு, எவ்வகைத் தோட்டா, குழல் பிளந்ததா என்ற கேள்விகள் செய்தி மேசையில் எழுவதில்லை. கைத்துப்பாக்கி முதல் இரட்டைக்குழல் துவக்கு வரை எமக்கு யாவும் ‘துப்பாக்கி’தான். பயிர்ப் பாதுகாப்புக்கென விவசாயிகளுக்குத் துவக்கு அனுமதிப்பத்திரம் வழங்கப்படும் நாட்டில் இது சிறிய குறையன்று.

12 போர் துவக்கின் குழல் உட்புறம் வழுவழுப்பானது. உள்விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர். அந்த விட்டமுள்ள ஈயக்குண்டுகள் 12 சேர்ந்தால் ஓர் இறாத்தல் என்பதே அந்த எண்ணின் பொருள். சன்னங்கள் வெகுவாகச் சிதறாமல் நெருங்கிச் செல்வதற்காகக் குழலின் வாய்ப்புறத்தைச் சற்று ஒடுக்குவார்கள். அதுவே ‘சோக்’. முழுச் சோக்கில்கூட ஒடுக்கம் ஏறத்தாழ 1 மில்லிமீற்றர்தான். அளக்காமல் கண்ணால் மட்டிட முடியாது. இரட்டைக்குழல் துவக்குகள் பலவற்றில் இரு குழல்களுக்கும் ஒடுக்கம் வேறுவேறாக இருப்பது மற்றொரு சிக்கல்.

சிறு சன்னங்கள் அந்த ஒடுக்கத்தினூடாக நெருங்கிச் சென்றுவிடும். ‘ஸ்லக்’ எனும் ஒற்றைக் குண்டுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே ஸ்லக் போட்டால் எந்தத் துவக்கும் வெடித்துவிடும் என்று சிலர் அஞ்சுகின்றனர். அறைக்குள் நுழையும் தோட்டா வாய்வழியே வெளியேறத்தானே வேண்டும் என்று வேறு சிலர் துணிகின்றனர். இரண்டும் பிழை. 1898 இல் ஜேர்மனியின் வில்ஹெல்ம் பிரென்னெக்கே உருவாக்கிய ஸ்லக்கிலும், 1931 இல் அமெரிக்காவின் கார்ல் பொஸ்ரர் உருவாக்கியதன் வழிவந்தவற்றிலும் பக்கங்களில் சாய்வான வரம்புகள் உள்ளன. அவை குண்டைச் சுழற்றவே என்பது பொதுவான நம்பிக்கை. உண்மையில் அவற்றின் முதன்மையான பணி, ஒடுக்கத்தில் நசுங்கி வழிவிடுவதே. அப்படியிருந்தும் ஒடுக்கம் இல்லாத அல்லது குறைந்த குழலே ஸ்லக்கிற்கு உகந்தது. முழுச் சோக்கில் குறியும் கெடும், நாளடைவில் குழலும் கெடலாம்.

பேராபத்து வேறிடத்தில் இருக்கிறது. குழலின் விட்டத்துக்குச் சரியாக வீட்டில் வார்த்த உருண்டை ஈயக்குண்டில் நசுங்குவதற்கென வரம்பு எதுவும் இல்லை. பின்புறம் இலகுவாக ஓடிவரும் அக்குண்டு வாயில் இறுகும். குழல் உப்பும், சில வேளை பிளக்கும். இரும்புக் குண்டாயின் கேட்கவே வேண்டாம்.

ஆங்கிலேயர் இதனை 1875 இலேயே அறிந்திருந்தனர். சோக் குழல்கள் பரவத் தொடங்கிய அக்காலத்தில் அந்நாட்டுப் பரிசோதனைச் சாலைகள் அத்தகைய குழல்களில் ‘நொட் ஃபோர் போல்’, அதாவது ‘குண்டுக்கு உரியதன்று’, என்று பொறித்தன. 1887 முதல் அது ‘சோக்’ என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருங்கியது. குழலைக் கழற்றினால் மாத்திரம் தெரியும் இடத்தில், ஆங்கிலத்தில் பொறித்த எச்சரிக்கை அது. வன்னி விவசாயிக்கு அதனால் என்ன பயன்?

1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அவ்வேளையில் குழலின் வாயை அளந்து, ஒடுக்கத்தை அப்பத்திரத்திலேயே தமிழிலோ சிங்களத்திலோ குறித்துக் கொடுக்கலாம். குண்டு வார்ப்பவனுக்கு அரசாங்கம் பாடம் நடத்துவதா என்று கேட்போர் உளர். அனுமதிப்பத்திரத்தைக் கொடுத்ததும் அதே அரசாங்கம்தான். எதனைப் போடக்கூடாது என்று சொல்வது வேட்டைக்கு ஊக்கமளிப்பதாகாது.

எமது நிருபர்களுக்கும் ஒன்று. இனி இத்தகைய செய்தி வரும்போது, குழல் எவ்விடத்தில் பிளந்தது என்று பொலிஸாரிடம் கேளுங்கள். வாய்ப்புறம் என்றால் சோக்கையும் குண்டையும் பற்றி, அல்லது குழலை அடைத்த சேற்றைப் பற்றி விசாரியுங்கள். அறைப்புறம் என்றால் தோட்டாவில் இட்ட மருந்தைப் பற்றி விசாரியுங்கள்.