சலத்தின் நிறம் சொல்லும் சேதி



பரந்தனில் தாய்மார் கூட்டம் ஒன்று முடிந்து எல்லோரும் எழும்பிப் போன பிறகு ஓர் அக்கா மட்டும் வாசலில் நின்றார். "தங்கச்சி, ஒரு விசயம் கேட்கவேணும். கேட்க வெட்கமாய்க் கிடக்கு" என்றார். கணவருக்கு நாலு நாளாகக் காய்ச்சல். கெண்டைக்கால் உளைந்து நடக்க ஏலாது. சலம் தேயிலைச் சாயம் மாதிரிப் போகிறதாம். "வயலுக்குள்ள நிண்ட சூடு எண்டு இளநியும் வெந்தயத் தண்ணியும் குடுத்தனான்" என்றார்.

அன்று பின்னேரமே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். எலிக்காய்ச்சல் என்றார்கள். சிறுநீரகம் பாதிக்கப்படத் தொடங்கியிருந்தது. ஒன்பது நாள் வாட்டில் இருந்து சுகமாகி வந்தார். வெட்கத்தில் அந்த அக்கா பேசாமல் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இன்றும் நினைப்பேன்.

நான் வைத்தியர் அல்ல. வைத்தியர்களிடமும் மருத்துவமாதுகளிடமும் கேட்டு அறிந்ததையே இங்கு எழுதுகிறேன்.

சுகமான உடம்பின் சலம் வெளிர் மஞ்சளாக, வைக்கோல் நிறத்தில் இருக்கும். காலையில் சற்றுக் கடுமையாக இருப்பது இயல்பு. வெயிலில் களை பிடுங்கிவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் கடும் மஞ்சளாகும். நன்றாகத் தண்ணீர் குடித்தால் சில மணித்தியாலங்களில் தெளியவேண்டும். தெளியாவிட்டால் வேறு காரணம் தேடவேண்டும்.

பயப்படத் தேவையில்லாத நிறங்களும் உண்டு. பீற்றூட் சாப்பிட்டால் சிலருக்குச் சலம் சிவக்கும். விற்றமின் பி குளிசை பளிச்சென்ற மஞ்சளாக்கும். காசநோய்க்குக் கொடுக்கும் றிபாம்பிசின் செம்மஞ்சளாக்கும். அதைக் கண்டு பயந்து குளிசையை நிறுத்திவிடாதீர்கள்.

தேயிலைச் சாயம்போலப் போய், கண்ணும் மஞ்சளானால் அது செங்கண்மாரியாக இருக்கலாம். 2009இல் வவுனியா முகாம்களில் இருந்தவர்களிடையே ஈரல் அழற்சி ஏ பரவியதை எங்களில் பலர் மறந்திருக்க மாட்டோம். அசுத்தமான தண்ணீராலும் கழுவாத கையாலும் பரவும் நோய் அது. கொதித்தாறிய நீரும் சவர்க்காரமுமே காவல். கீழ்க்காய்நெல்லியை நம்பி வைத்தியரிடம் போகாமல் இருக்கவேண்டாம்.

எலிக்காய்ச்சல் எலி, மாடு முதலியவற்றின் சலம் கலந்த சேற்று நீரிலிருந்து, காலிலுள்ள வெடிப்பு, காயம் வழியாக உடம்பில் ஏறுகிறது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் உயிர்களைக் குடித்த காய்ச்சலும் இதுவே. வயலில் இறங்கிய சில நாட்களில் அல்லது சில கிழமைகளில் காய்ச்சல், தசை நோ, கண் சிவத்தல், சலம் குறைதல் அல்லது நிறம் மாறுதல் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "நான் வயலுக்குப் போனனான்" என்று கட்டாயம் சொல்லுங்கள். பனடோல் தவிர வேறு நோக்குளிசை தாங்களாகப் போடக்கூடாது. வயல் வேலைக்கு முன் தடுப்புக் குளிசை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். கர்ப்பிணிகள் அதைத் தாங்களாக எடுக்கக்கூடாது.

சலம் சிவப்பாகப் போனால் கல், கிருமித்தொற்று, சிறுநீரக நோய் என்று பல காரணங்கள் இருக்கலாம். புடையன் பாம்பு கடித்தவருக்கும் இரத்தமாகப் போகலாம். பிள்ளைக்குத் தொண்டை நோ அல்லது சிரங்கு வந்து சில கிழமைகளில் முகம் வீங்கி, சலம் கொக்கா கோலா நிறத்தில் போனால் தாமதிக்காதீர்கள். மாதவிடாய் நின்றுபோன பெண்கள் இரத்தம் கண்டால், ஒருமுறைதான் என்று விட்டுவிடக்கூடாது.

ஆனால் நிறத்தை மட்டும் நம்பியும் இருக்க ஏலாது. 1990களில் வடமத்திய மாகாணத்தில் அறியப்பட்டு, பின்னர் வவுனியாப் பக்கமும் காணப்பட்ட சிறுநீரக நோய், தொடக்கத்தில் எந்த அடையாளமும் காட்டாது. இரத்த, சிறுநீர்ப் பரிசோதனையில்தான் பிடிபடும். நுரை அடங்காமல் நின்றால், கால் வீங்கினால் பரிசோதியுங்கள்.

கடைசியாக எங்களைப் பற்றி ஒன்று. பிள்ளையின் சலம் மஞ்சள் என்று ஓடித் திரிகிற நாங்கள் எங்களுடையதைப் பார்ப்பதில்லை. வயலிலும் பஸ்ஸிலும் மலசலகூடம் இல்லையென்று தண்ணீரே குடிக்காமல், மணிக்கணக்காக அடக்குகிறோம். கடுப்பும் கிருமியும் வருவதற்கு இதுவே போதும். கர்ப்பிணிகள் கிளினிக்கில் சலம் சோதிப்பதைத் தவறவிடாதீர்கள். எரிவு இருந்தால் மருத்துவமாதுவிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கூட வேலைசெய்யும் நாலு பெண்கள் சேர்ந்து கேட்டால் வயற்கரையில் ஒரு மறைப்பாவது கட்டித் தருவார்கள். மலசலகூடம் இருட்டாக இருந்தால் ஒரு வெள்ளைப் போத்தலில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த அக்கா வாசலில் நின்று கேட்டபடியால்தான் அவர் வீட்டில் இன்று மூன்று பிள்ளைகளுக்கும் தகப்பன் இருக்கிறார்.