கதவுக்குப் பின்னால் இருபது நிமிடம்

பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவர்களில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களை வருஷக்கணக்காகப் பார்த்து வருகிறேன். ‘மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல்’ என்று சிவப்பு எழுத்தில் இருக்கும். கீழே பாதி கிழிந்த போன் நம்பர். போன வருஷம் ஒரு நாள் அந்த நம்பரை மனப்பாடம் செய்துகொண்டு நின்றேன். எனக்கு வந்திருப்பது இன்னதென்று நானே ஒப்புக்கொண்டது அன்றைக்குத்தான்.

மூன்று மாதமாகச் சொட்டுச் சொட்டாக ரத்தம். வலி கிடையாது. வீட்டில் மூச்சு விடவில்லை. சர்க்கரை, பிரஷர் என்றால் கல்யாணப் பந்தியிலேயே உரக்கப் பேசுகிறோம். இதற்கு மட்டும் ‘உடம்பு சூடு’ என்று ஒரு முக்காடு. சூடு என்றாகிவிட்டதால் கோழியை நிறுத்தினேன். கருணைக்கிழங்கு மசியல் செய்யச் சொன்னேன். ஒரே வாரத்தில் மூன்றாம் முறை கேட்டபோது, “கிழங்கு மேல என்ன திடீர் பாசம்?” என்றாள் மனைவி. குட்டு உடைந்தது. மறுநாளே டாக்டர்.

இடப்பக்கம் ஒருக்களித்து, முழங்காலை மார்போடு சேர்த்துப் படுக்கச் சொன்னார். விரலாலும் சிறு குழாயாலும் பார்த்தார். இத்தனை மாதம் பயந்தது இந்த இரண்டு நிமிடத்துக்குத்தானா என்று இருந்தது. “கிரேடு டூ. முக்கும்போது வெளியே வரும், தானா உள்ளே போயிடும்” என்றவர், மருந்துச் சீட்டை எடுக்காமல் கேட்டார்: “டாய்லெட்டுக்கு போன் எடுத்துட்டுப் போவீங்களா சார்?”

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

“உள்ளேயே ஒரு பிளக் பாயின்ட் வெக்கணுங்கறார், டாக்டர்” என்றாள் மனைவி.

மூலம் புதிதாக முளைக்கிற கட்டி அல்ல என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஆசனவாயின் உள்ளே ரத்தக்குழாய்கள் நிறைந்த மெத்தைகள் எல்லோருக்குமே உண்டு, முக்கியமாக மூன்று. குழாய்க்கு வாஷர் மாதிரி, காற்றும் நீரும் கசியாமல் அடைத்து வைப்பது அவற்றின் வேலை. முக்க முக்க அவற்றில் ரத்தம் தேங்கி வீங்குகிறது. பிடிமானம் தளர்ந்து கீழே சரிகிறது. உள்மூலம் உண்டாகிற இடத்தில் நமக்கு வலி தெரியாது. அதனால்தான் ரத்தம் மட்டும் வருகிறது, எரிச்சலோ குத்தலோ இல்லை. கர்ப்பிணிகளுக்கும், ஓயாத இருமல்காரர்களுக்கும் வருவதற்குக் காரணம் வயிற்றுக்குள் ஏறும் அழுத்தம்.

போன் என்ன பாவம் செய்தது? அது முக்க வைப்பதில்லை, எழுந்திருக்க விடுவதில்லை. கோப்பையின் வளையத்தில் உட்கார்ந்தால் தொடைக்குத் தாங்கல் உண்டு, நடுப்பகுதிக்குக் கிடையாது. வேலை முடிந்த பின்னும் அந்த மெத்தைகள் தொங்கியபடி ரத்தத்தைத் தேக்குகின்றன. 2025-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் பாஸ்டனில், பெருங்குடலைக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபிக்கு வந்த 125 பேரைக் கேட்டுப் பார்த்தார்கள். கழிப்பறையில் போன் பார்ப்பவர்களுக்கு மூலம் இருக்கும் வாய்ப்பு 46 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. சிறிய ஆய்வுதான், போன்தான் காரணம் என்று அதைக் கொண்டு அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற அது போதும்.

எங்கள் பழைய வீட்டில் கழிப்பறை கொல்லைக் கோடியில் இருந்தது. குத்த வைத்து ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் கால் மரத்துவிடும். கொசு பிடுங்கும். பெரியப்பா வெளியே நின்று செருமுவார். குத்த வைப்பவர்களுக்கும் மூலம் வரும்தான். ஆனால் அங்கே யாரும் குடியிருக்க முடியாது. சௌகரியமான கோப்பையை வாங்கி வைத்து நாம்தான் அதை வாசகசாலை ஆக்கினோம்.

கோழியைப் பற்றியும் கேட்டேன். “கோழி மேல தப்பில்ல. கோழி எடுத்த அன்னிக்கு நீங்க காய் சாப்பிடறதில்ல பாருங்க, அதுதான்” என்றார். உண்மை. பிரியாணியோடு தொட்டுக்கொள்ள நாலு வெங்காயம், அவ்வளவே. நாளுக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டுமாம். காலையில் இட்லி, மதியம் சோறு, இரவு தோசை என்று வெள்ளையாகவே ஓட்டினால் எங்கிருந்து வரும்? கொத்தவரை, கீரை, தோலோடு முழுப்பயறு, 100 கிராமுக்கு 5 கிராம் தரும் கொய்யா இதெல்லாம் தட்டில் ஏறின. கூடவே தண்ணீர், தண்ணீர் இல்லாத நார் உள்ளேயே இறுகிவிடும். இரவில் இசப்கோல். வந்த உணர்வை ‘அப்புறம்’ என்று அடக்குவதில்லை. இதற்கும் அடங்காவிட்டால் ரப்பர் வளையம் மாட்டுவாராம். சில நாளில் சதை சுருங்கி உதிர்ந்துவிடுமாம். எனக்கு அது தேவைப்படவில்லை.

ஆனால் கொலனோஸ்கோபிக்கு அனுப்பினார். வயது ஐம்பத்திரண்டு, ரத்தம் வந்தாலே மூலம் என்று நானாக முடிவு கட்டியதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. பெருங்குடல் புற்றுநோயும் இப்படித்தான் சொட்டும். மலம் கறுத்துப் போவது, எடை இறங்குவது, கழிக்கும் பழக்கம் மாறுவது இதில் எது இருந்தாலும் ஒத்திப்போடக் கூடாது என்றார். எனக்கு ஒன்றும் இல்லை என்று தெரியும்வரை நான்கு நாள் தூங்கவில்லை. சுவர் நோட்டீஸ்காரரிடம் போயிருந்தால் குழாய் விட்டுப் பார்த்திருப்பாரா என்ன?

இப்போது போன் ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது. உள்ளே படிக்கக் கிடைப்பது ஷாம்பு பாட்டில் மட்டும்தான். முன்பக்கம், பின்பக்கம், பேட்ச் நம்பர் எல்லாம் சேர்த்து நான்கு நிமிடத்துக்கு மேல் வருவதில்லை.