அனுப்பிவிட்டேன் என்று சொல்லுமுன்...

சென்ற வாரம் ஒரு நாள் மாலை நாலு மணி இருக்கும். காப்பிக்குப் பால் வைத்திருந்தேன். எதிர் வீட்டு மாமி செல்போனும் கையுமாக ஓடி வந்தாள். கண்ணில் நீர் தளும்பிற்று.

"பெண்ணுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது. சர்ட்டிபிகேட்டுகள் இன்று ஆறு மணிக்குள் வந்தாகவேண்டுமாம். அவள் ரயிலில் இருக்கிறாள். காலையிலேயே அனுப்பிவிட்டேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். இப்போது, வரவில்லை என்கிறார்களே!"

வாங்கிப் பார்த்தேன். கடிதம் 'அவுட்பாக்ஸி'ல் சாவதானமாக உட்கார்ந்திருந்தது. தபால்காரர் இன்னும் பெட்டியைத் திறக்கவில்லை என்று அர்த்தம். 'சென்ட்' பகுதிக்கு வந்தால்தான் கடிதம் வீட்டை விட்டுக் கிளம்பியதாகக் கணக்கு.

இணைப்பில் கோளாறு இல்லை. கணக்கில்தான் எள் போட இடமில்லை! மைத்துனர் கல்யாண வீடியோ அத்தனையும் அங்கே இருந்தன. மாமி தன்னிடம் வேறு பிரதி இருப்பதாகச் சொன்ன பிறகே அவற்றை நீக்கினேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். கடிதம் போயிற்று.

இரண்டே நிமிஷத்தில் ஒரு பதில்! 'மெயிலர் டீமன்' என்று பெயர். "யாரோ வெள்ளைக்காரன் போலிருக்கிறது, அழித்துவிடு" என்றாள் மாமி. நல்ல வேளை, அழிக்கவில்லை. அது திரும்பி வந்த கடிதம். விலாசத்தின் கடைசியில் 'எம்' இருக்கவேண்டிய இடத்தில் 'என்' விழுந்திருந்தது. திருத்தி அனுப்பினோம். ஐந்தரைக்கு, "கிடைத்தது" என்று பதில் வந்தது. அதற்குள் பால் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது; போகட்டும்!

உங்களுக்கும் இப்படி நேரலாம். சில விஷயங்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜிமெயிலில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜி.பி. இடம். டிரைவ், போட்டோஸ் இரண்டும் அதற்குள்ளேயே அடக்கம். நீக்கிய கடிதம் 30 நாள் குப்பைத் தொட்டியில் கிடக்கும். அதுவரை இடம் மீளாது.

இணைப்புகள் 25 எம்.பி.க்கு மேல் போனால் கடிதத்தோடு சேர்த்து அனுப்ப முடியாது. டிரைவில் வைத்துச் சுட்டியை அனுப்பலாம். பெறுகிறவருக்குப் பார்க்க அனுமதி கொடுக்க மறக்காதீர்கள்.

கம்ப்யூட்டரில் அவுட்லுக், தண்டர்பேர்டு போன்றவற்றை உபயோகிக்கிறீர்களா? கடிதம் வருகிறது, ஆனால் போகவில்லை என்றால் திகைக்கவேண்டாம். வருவதற்கு ஒரு வாசல், போவதற்கு வேறொரு வாசல். போகும் வாசலுக்கு எஸ்.எம்.டி.பி. என்று பெயர். அதன் எண் 25 என்று இருந்தால் 587 அல்லது 465 என்று மாற்றிப் பாருங்கள். வேண்டாத கடிதங்களைத் தடுப்பதற்காகப் பல இணைய நிறுவனங்கள் 25-ஐ மூடி வைத்திருக்கின்றன. பாஸ்வேர்டை மாற்றியிருந்தால் இந்த வாசலிலும் மாற்றவேண்டும்.

இன்னொன்று: "உங்கள் கணக்கு நிரம்பிவிட்டது, இங்கே தட்டுங்கள்" என்று வரும் கடிதத்தை நம்பித் தட்டாதீர்கள். நீங்களே கணக்கினுள் போய்ப் பாருங்கள்.

அன்றிரவு மாமி பெண்ணிடம் நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டாளாம். "அடுத்த தடவை 'சென்ட்'டைப் பார்த்துவிட்டுச் சொல், அம்மா" என்று அவள் சிரித்தாளாம். நமக்கும் அதுவே போதும், இல்லையா?