மெலடோனின் பற்றும் இடம் ஆட்டுக்கு வேறு, கோழிக்கு வேறு

கால்நடைகளின் மூளையில் அமைந்துள்ள பீனியல் என்னும் சிறு சுரப்பி, இருட்டு வேளையில் மெலடோனின் என்ற பொருளை இரத்தத்தில் மிகுதியாக விடுகின்றது. இராக்காலம் நீண்டால் அது சுரக்கும் நேரமும் நீளும். உடல் அதைக் கொண்டே பருவத்தை அறிகின்றது. 1958-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் லெர்னர் என்பவர் மாட்டின் பீனியல் சுரப்பிகளிலிருந்து இதைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டார். மாடு, ஆடு, கோழி, மனிதர் ஆகிய எல்லாரிடத்தும் இப்பொருள் ஒன்றே. ஆகையால் ஓர் ஜந்துவில் அது செய்யும் வேலையை மற்றொன்றிலும் செய்யுமென்று கருதுவோர் பலர். இக்கருத்து பிசகானது.

மெலடோனின் தானாக ஒன்றும் செய்வதில்லை. அதைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் எந்தத் திசுவில் உள்ளனவோ அங்கேதான் அதன் வேலை நடைபெறும். 1980-களில், கதிரியக்கமுள்ள அயோடினை மெலடோனினுடன் சேர்த்து, உறையவைத்து மெல்லியதாகச் சீவிய திசுக்களின்மேல் இட்டு, அது பற்றிய இடங்களைப் படச்சுருளில் பதிவுசெய்யும் முறை வழக்கத்திற்கு வந்தது. எலியில், நாட்கடிகாரம் போன்று இயங்கும் மூளைப் பகுதியில் அது நன்கு பற்றியது. செம்மறியாட்டிலோ பிட்யூட்டரிச் சுரப்பியின் காம்பைச் சூழ்ந்த மெல்லிய உறையிலேயே மிகவும் அடர்ந்து பற்றியது. கோழியில் பார்வைக்குரிய பகுதிகள் உட்பட மூளையின் பல இடங்களில் பரவிக் காணப்பட்டது.

அதிகமாகப் பற்றும் இடமே காரியத்தை நடத்துமிடம் என்று முடிவு கட்டுவதும் தவறு. பிரான்ஸ் தேசத்து நூசில்லி ஆராய்ச்சி நிலையத்தார் 1990-களில் பெண் செம்மறிகளின் மூளையில் வெவ்வேறிடங்களில் மெலடோனினை நுட்பமாகப் பதித்துப் பார்த்தனர். அடர்ந்து பற்றும் அவ்வுறையில் வைத்தபோது இனவிருத்திக்குரிய சுரப்புகள் கிளம்பவில்லை. அதற்குப் பின்னே, மூளையின் அடிப்பாகத்தில், பற்று குறைவாயுள்ள ஓரிடத்தில் வைத்தபோதே கிளம்பின. உறையிலுள்ள ஏற்பிகளோ பால் சுரப்பிற்குரிய புரோலாக்டினைப் பருவந்தோறும் கூட்டிக் குறைப்பவை. இதுவன்றி, எலியின் அவ்வுறையில் ஏற்பிகளின் தொகை நாளின் வேளைக்கேற்ப மாறுவதால், திசு எடுத்த நேரத்தைக் குறிக்காத ஒப்பீட்டு அட்டவணை எவ்வளவு அழகாயிருப்பினும் நம்பத்தக்கதன்று.

குளிர்நாடுகளில் 18 மில்லிகிராம் மெலடோனின் அடங்கிய குளிகையைச் செம்மறியின் காதடியில் பதித்து, சினைப்பருவத்தை முன்கொணர்கின்றனர். ஸ்காட்லாந்து தேசத்து அபர்தீனில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் 11 மணிக்கு மேற்பட்ட வேற்றுமை உண்டு. அங்கே அது பயன் தருவதில் வியப்பில்லை. காவிரிப் படுகையில் அவ்வேற்றுமை சுமார் ஒன்றேகால் மணியே. நம் நாட்டுச் செம்மறிகள் பகலின் நீளத்தைவிட மழையையும் மேய்ச்சலையும் பின்பற்றியே பெரும்பாலும் சினைப்படுகின்றன. கோழிகளுக்கோ குளிகை என்ற பேச்சே வேண்டுவதில்லை. மண்டையோட்டை ஊடுருவி மூளைக்குள் செல்லும் ஒளியே அவற்றின் முட்டைப் பருவத்தை முக்கியமாக நடத்துகின்றது.

'பரீட்சித்துப் பார்த்தால் என்ன நஷ்டம்?' என்பாரும் உளர். குளிகைக்குச் செலவிடும் தொகையைக்கொண்டு, கிடா விடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே பெட்டையாடுகளுக்குத் தானியமும் பிண்ணாக்கும் சற்றுக் கூட்டிக் கொடுக்கலாம். மந்தை மெலிந்திருக்கும் கோடை முடிவில் இது பெரிதும் உதவும்.